மாதிரிக்காக வைத்த பன்னிரண்டு வார்த்தைகள்

அந்தப் போன் முதன்முதலாகச் சத்தம் போட்டபோது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம். ஜும்மா தொழுகை முடித்த கையோடு வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விட்டார். மூக்கண்டப்பள்ளி மாடி வீட்டில் நான் மட்டும்தான். நான் பேசுகிற போன் இடுப்பில் இருந்தது. 'டிங்' என்றது ஃபிரிட்ஜ் மேல் கிடந்த பழைய போன். முகப்பு விரிசல் விட்டு, சிம் கூட இல்லாமல், வீட்டு வைஃபையில், சோதனைக்கென்று சார்ஜில் போட்டே வைத்திருந்தது.

அந்தப் போனில் இருந்த பிட்காயின் வாலெட் செயலியில் அந்தச் சத்தத்தை வைத்ததே நான்தான். காசு உள்ளே வந்தால் மட்டும் கேட்க வேண்டும் என்று, எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்தது. அந்த வாலெட்டில் காசு வர ஒரு வழியும் கிடையாது. கடுகு கருகிப் புகைந்தது. நான் கரண்டியைப் பிடித்தபடி ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிட்காயின் வாலெட் என்பது போனில் இருக்கும் ஒரு செயலி. காசு போனுக்குள் இருப்பதில்லை. பன்னிரண்டு வார்த்தைகளில் இருக்கிறது. புதிதாக ஒரு வாலெட் தொடங்கினால், ஒரு பெரிய பட்டியலிலிருந்து பன்னிரண்டு வார்த்தைகளைச் செயலியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும். அந்தப் பன்னிரண்டையும் அதே வரிசையில் உலகத்தில் எந்தப் போனில் போட்டாலும் அதே வாலெட் திறக்கும். வார்த்தை யாரிடம் இருக்கிறதோ காசு அவருடையது. அவ்வளவுதான்.

ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருடம் தரச் சோதனையில் இருந்தேன். அங்கே சூப்பர்வைசரிடம் வாயைக் கொடுத்து வேலையை விட்ட பிறகு, வீட்டிலிருந்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தபடி எழுதப்படுகிற ஒரு வாலெட். அதைத் தமிழில் கொண்டுவரும் கூட்டத்தில் சேர்ந்தேன். நாங்கள் ஐந்து பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் தவளைப் படம் போட்டிருப்பார். இன்னொருவர் எழுதுவதை நிறுத்திப் பல மாதமாகிறது, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. ஆனால் அவர் ஓடவிட்டுப் போன ஒரு சின்ன நிரல் மட்டும் வாராவாரம் எங்கள் வேலையைச் சரிபார்த்து 'நன்று' என்று எழுதிவிட்டுப் போகும். முதலில் சிரித்தோம். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம்.

தமிழ் வார்த்தைப் பட்டியல் முழுக்க என் கைவேலை. ஆங்கிலப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் கம்பெனி லைனில் நிற்கிற பெண்கள் எங்கே போவார்கள்? கீழ் வீட்டுத் தெலுங்குக்கார அக்காவிடமும் எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பத்திடமும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி, புரிந்ததை மட்டும் சேர்த்தேன். "ஏம்மா, உனக்கு வேற பொழப்பு இல்லியா?" என்று கேட்காதவர் பாக்கியில்லை.

பிறகு கிருஷ்ணகிரியில், மாங்காய் மண்டிக்கு மேல் மாடியில் நான் ஒரு கூட்டம் நடத்தினேன். மாம்பழக்கூழ் வாடை மூச்சை அடைத்தது. வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் தயாரித்தேன். வாலெட் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு வாலெட்டை உண்மையாகவே தொடங்கி, அது கொடுத்த பன்னிரண்டு வார்த்தைகளைப் படமாகப் பிடித்துத் தாளில் போட்டேன். கொய்யா, முழங்கை, ஈரம், தகரம், ஏணி, பூசணி, நிழல், வண்டு, உப்பு, கதவு, நூல், ஆணி. மேலே 'மாதிரி' என்று எழுதினேன். 'இதை நீங்கள் பயன்படுத்தாதீர்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இதையே எடுத்துப் போடுகிற அளவுக்கு ஏமாளி யார் இருப்பார்கள் என்ற திமிர்.

அந்த மாதிரி வாலெட்தான் ஃபிரிட்ஜ் மேல் இருந்த போனில் இருந்தது. அதில்தான் இப்போது காசு.

எங்கள் ஐவர் குழுவில் கேட்டேன். "யாராவது விளையாட்டுக்குப் போட்டீங்களா?" தவளைப் படக்காரர் மட்டும் உடனே எழுதினார். "சத்தியமா நான் இல்ல மேடம். பேய் போட்டிருக்கும்." சிரிப்புப் படம் நான்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளியும் அது அடித்தது. அதே இரண்டு பத்து. அதற்கடுத்த வெள்ளியும். ஒவ்வொரு தடவையும் சின்னத் தொகை. ஒரு செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி நடந்தது. துளியூண்டு காசு வெளியே போய், உடனே அதே வாலெட்டுக்குத் திரும்பி வந்தது. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இது பேயும் இல்லை, கோளாறும் இல்லை. யாரோ ஒருவர் என் தாளில் இருந்த வார்த்தைகளைத் தன்னுடையவை என்று நம்பி உள்ளே குடியிருக்கிறார். அவர் ஒவ்வொரு முறை கதவை இழுத்துப் பார்க்கும்போதும் உள்பக்கம் நான் நிற்கிறேன். அவருக்குத் தெரியாது.

அந்தத் தாள் எத்தனை கைக்குப் போயிருக்கும், எத்தனை ஜெராக்ஸ் ஆகியிருக்கும்? தாளை வைத்திருக்கிற எவரும் ஒரு நிமிடத்தில் அத்தனையையும் வழித்துக்கொண்டு போகலாம். யாருக்கும் தோன்றவில்லை, அதனால் இருக்கிறது. சரி, வாலெட்டைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கும் எங்கள் பெரிய குழுவில் 'மாதிரி வார்த்தைகளைப் போட்டது யார், உடனே மாற்றுங்கள்' என்று எழுதலாமா? அங்கே சில நூறு பேர் இருக்கிறார்கள். எழுதிய மறுநிமிடம் முதலில் ஓடி வருவது திருடன்தான். நானே எடுத்து வைக்கலாமா? எடுத்தால், அந்த ஆள் செயலியைத் திறந்து பூஜ்ஜியத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன செய்வார் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இரண்டு பத்து என்றால் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையில் ஆட்களை இறக்குகிற நேரம். அதுமுதல் தினமும் அந்த நேரத்தில் ஜன்னலில் நிற்க ஆரம்பித்தேன். நீல ஓவர்கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாகக் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். எல்லாருடைய தலையும் போனில் குனிந்திருக்கும். நல்ல வெயில். ரோடு பளிச்சென்று இருக்கும். இதில் ஒருவர், ஒரே ஒருவர், இந்த நிமிடம் என் பின்னால் இருக்கிற போனுக்குள் இருக்கிறார் என்று நினைத்துத் திரும்பித் திரும்பி ஃபிரிட்ஜைப் பார்ப்பேன். ஒரு நாள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னா, பஸ்ஸு எண்ணுறியா?" என்றார். சொன்னால் கேலி செய்வார் என்று சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் சளிக்கு மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். இடது மணிக்கட்டில் கட்டு. கண்ணை மூடியிருந்தாள். வலது கைப் பெருவிரல், மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து என் அம்மா இறைவன் பேரைச் சொல்லித் திக்ரு எண்ணுவது அப்படித்தான். இவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. ஏதோ சாமி பேரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விரலுக்கு மூன்று கணு. நான்கு விரலுக்குப் பன்னிரண்டு.

"...தகரம், ஏணி, பூசணி..."

எனக்குக் கேட்டது காதிலா, தலைக்குள்ளா என்று தெரியவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நர்ஸ் யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணின் வாயிலிருந்து என் வார்த்தைகள், என் போன் கொடுத்த வரிசையில், சன்னமாக வந்துகொண்டிருந்தன.

"பூசணி, நிழல்..." நின்றுவிட்டாள். பெருவிரல் நடுவிரலின் நடுக்கணுவில் அப்படியே நின்றது. மறந்துவிட்டது. "பூசணி, நிழல்..." மறுபடியும் நின்றாள்.

"வண்டு," என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். அவள் கண்ணைத் திறந்தாள். பேயறைந்த மாதிரி என்பார்களே, அதை அன்றுதான் பார்த்தேன். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. இத்தனை நாளாக எனக்குத்தான் பேய் பயம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பார்வையில் பேய் நான்தான். "இல்லம்மா, பயப்படாத, நான் வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் எழுந்துவிட்டாள். மாத்திரைச் சீட்டு பெஞ்சிலேயே கிடந்தது. நான் வாசலுக்கு ஓடுவதற்குள் ஷேர் ஆட்டோ கிளம்பிவிட்டது. திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வியாழன் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வெள்ளி மத்தியானம் ஒன்றரைக்குப் பெரிய குழுவில் ஒரு செய்தி வந்தது. தவளைப் படக்காரர். "நம்ம மாதிரி வாலெட்டுல யாரோ புண்ணியவான் வாராவாரம் காசு போட்டுக்கிட்டு இருக்கார் மக்களே!" கூடவே தொகை தெரிகிற படம். சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஐவர் குழுவில் வாயைத் திறந்தவள் நான். ஐயோ என்று உட்கார நேரமில்லை. பழைய போனில் புதிதாக ஒரு வாலெட் தொடங்கி, அது கொடுத்த பன்னிரண்டு வார்த்தைகளை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, மாதிரி வாலெட்டில் இருந்த அத்தனையையும் அங்கே தள்ளினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினேன். மாதிரி வாலெட்டில் பூஜ்ஜியம் வந்தது. ஊரான் காசு என் கையில். அந்த நிமிடம் நான் திருடியேதான், வேறு என்ன?

இரண்டு போனையும், நாள்காட்டித் தாளையும், அந்தப் பழைய கூட்டத் தாள் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு தெரு முனைக்கு ஓடினேன்.

மூன்றாவது பஸ்ஸில் அவள் இருந்தாள். படியில் இறங்கும்போதே போனைத் திறந்திருக்கிறாள். கடைசிப் படியில் நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அவள் நகரவில்லை. யாரோ தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். இறங்கிய இடத்திலேயே நின்று அந்தத் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

என்னை அடையாளம் தெரிந்தது. அலறுவாள் என்று நினைத்தேன். மெல்லிய குரலில்தான் கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு அனுப்புனாரா?"

"இல்லம்மா. உன் வீட்டுக்காரர் யாருன்னே எனக்குத் தெரியாது."

"பின்ன எப்பிடித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. பேப்பர்ல கூட எழுதி வெக்கல. மனசுக்குள்ளதான வெச்சிருந்தேன். மனசுக்குள்ள பூந்து பாத்தீங்களா?"

"காசு பத்திரமா இருக்கு. எங்கயும் போகல. ரெண்டு நிமிசம் உக்காரு, சொல்றேன்."

முனையில் ஒரு ஜூஸ் கடை. கடைக்காரர் கன்னடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து அவராகவே இரண்டு தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். பையிலிருந்து கூட்டத் தாளை எடுத்து விரித்தேன். பார்த்ததும் அவள் கண் விரிந்தது. அவளோடு லைனில் நிற்கிற ஒரு பெண் கூட்டத்துக்கு வந்து வாங்கிப்போன தாள் அது. அதை இவள் ஜெராக்ஸ் எடுத்து, வார்த்தைகள் மனப்பாடமானதும் கிழித்துப் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓவர்டைம் காசை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால், அவள் உடனே அதற்குப் பிட்காயின் அனுப்பிவிடுவாள்.

"இத எழுதுனது நான்தான்," என்றேன். "இது மாதிரிக்குப் போட்டதும்மா. புதுசா ஆரம்பிச்சா உனக்குன்னு தனியா வேற பன்னெண்டு வந்திருக்கும். நீ ஏன் இதையே போட்ட?"

கொஞ்சம் காட்டமாகத்தான் கேட்டேன். அவளுக்கும் ரோஷம் வந்தது.

"என்னாத்துக்குங்க போட மாட்டாங்க? நீங்கதான எழுதியிருக்கறீங்க, 'கீழே உள்ளபடி செய்யவும்'னு? கீழ பன்னெண்டு வார்த்த இருக்குது. போன்ல கேட்டுச்சு, புதுசா வேணுமா, இல்ல உங்ககிட்ட பன்னெண்டு வார்த்த இருக்குதான்னு. எங்கிட்டதான் இருக்குதே! எங்க லைன்ல மாஸ்டர் பீஸ் தொங்கும். அதப் பாத்து அப்பிடியே செய்யணும். துளி மாறுனாலும் ரிஜெக்ட்டு. அஞ்சு வருசமா நான் ஒரு ரிஜெக்ட் வாங்குனது இல்லீங்க."

'கீழே உள்ளபடி செய்யவும்.' கம்பெனியில் ஆறு வருடம் வேலைக் குறிப்புத் தாள்களில் நான் எழுதிய வரி. புதிதாக வருகிற பெண்களிடம் மாஸ்டர் பீஸைக் காட்டி, "சொந்த மூளைய வீட்டுல வச்சிட்டு வாங்க, இது மாதிரியே செய்ங்க" என்று கத்தியவள் நான். கம்பெனியை விட்டுவிட்டேன், அந்த வரி மட்டும் கையோடு வந்திருக்கிறது. இவள் தப்பே செய்யவில்லை. நாங்கள் பழக்கியதை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். வெட்கத்தில் காது சூடேறியது.

பேங்கில் போட்டால் மெசேஜ் வீட்டுக்காரர் போனுக்குப் போகிறது என்றாள். ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறாள், அவளும் மகளும் போய் இருக்க. இந்த ஊரில் அட்வான்ஸ் கேட்கிற கேட்பு தெரியுமே. அதில் பாதி சேர்ந்திருந்தது. சொல்லும்போது கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதான் உன் புது வார்த்தைங்க. எல்லாக் காசும் இதுல இருக்கு. இதப் போட்டேன்னா உன்னுது உனக்கு வந்துரும்."

அவள் தாளைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இதுவும் உங்களுக்குத் தெரியுமில்லங்க?"

எத்தனை கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "யாரையும் நம்பாதீங்க, என்னையும் நம்பாதீங்க" என்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒருத்தி நிஜமாகவே நம்பாமல் பார்க்கும்போது நெஞ்சில் குத்தியது. குத்தினாலும் அவள் சொன்னதுதான் சரி. தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

"உன் போன்லயே புதுசா ஆரம்பி. நான் பாக்க மாட்டேன். வார்த்தைங்க மனசுல ஏறுனதும் சொல்லு, நான் உன் வாலெட்டுக்கு அனுப்பிடறேன்."

கடைச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் பழங்களின் படம் ஒட்டியிருந்தது. பின்னால் அவள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். சொல்லாமல் அவளுக்கு மனசில் ஏறாது போல. இரண்டு காதிலும் விரலை அழுத்திக்கொண்டேன். லாரி சத்தம், மிக்சி சத்தம், எல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டது. கை வலித்து ஒரு நொடி விரல் தளர்ந்தது. ஒரு வார்த்தை உள்ளே வந்து விழுந்துவிட்டது.

தோளைத் தொட்டாள். திரும்பினேன்.

"எதாச்சும் காதுல வுழுந்துச்சாங்க?"

பன்னிரண்டில் ஒன்று தெரிந்தால் எவனாலும் ஒன்றும் பிடுங்க முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டு அனுப்பி முடித்துவிடலாம். வாய் அதற்குத்தான் போனது.

"ஒன்னு விழுந்துச்சு," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தலையை ஆட்டினாள். போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த வெயிலில் ரோட்டைக் கடந்து, எதிரில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். இன்னொரு புது வாலெட்டை முதலிலிருந்து தொடங்கினாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பெருவிரல் கணுக்களில் இறங்குவது மட்டும் தூரத்திலிருந்து தெரிந்தது. நான் அப்போதும் காதைப் பொத்திக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்து போனில் க்யூஆர் கட்டத்தை மட்டும் காட்டினாள். பழைய போனுக்கு என் போனிலிருந்து நெட் கொடுத்து அனுப்பினேன். அவள் போன் 'டிங்' என்றது, என் வீட்டு எவர்சில்வர் டம்ளர். தொகையை ஒரு தடவை பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை. "வரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே தாளில் விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். 'கீழே உள்ளபடி செய்யவும்' என்பதை அடித்து நீக்கினேன்.

ஃபிரிட்ஜ் மேல் அந்தப் போன் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டு பத்துக்குக் காது தானாக அந்தப் பக்கம் போகும். எந்தச் சத்தமும் வருவதில்லை. அவள் உள்ளே இருந்தபோது பயமாக இருந்தது. இப்போது காலியாக இருப்பதும் என்னவோ போலத்தான் இருக்கிறது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிர் சீட்டில் அவள். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மடியில் புது வளையத்தில் ஒற்றைச் சாவி. கையில் கட்டு இல்லை. பெருவிரல் கணுக்களில் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் உதடு அசையவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'அட, ரூம் கிடைச்சிடுச்சா' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பெருவிரல் நின்றது. அந்தக் கையை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தேன். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.